கண்டி வீதியும் நாவற்குழிக் குடியிருப்பும்

ஒரு நாட்டின் வரலாற்றை எழுதப் புகுவோர் அரசரையும் கோட்டைகளையும் கோயில்களையும் முதற்கண் நோக்குவர். தெருக்களை நோக்குவோர் சிலரே. யாழ்ப்பாண வரலாறு என்றவுடன் நல்லூர் இராசதானியும் பறங்கியர் படையெடுப்பும் ஒல்லாந்தர் கோட்டையும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆயின் ஆண்டாரும் ஆளப்பட்டாரும், வணிகரும் அடியாரும், படைஞரும் அகதிகளும் ஒருங்கே மிதித்த பெருந்தெருவின் வரலாறு இன்னும் முறையாக எழுதப்படவில்லை.

இப்பொருளில் எனக்கு நாட்டம் ஏற்பட்டது ஒரு மாணவனாலாகும். "எனது ஊரின் வரலாறு" என்னுந் தலைப்பில் கட்டுரை எழுதுமாறு வகுப்பிலே பணித்திருந்தேன். நல்லூரிலும் கோப்பாயிலும் பிறந்த பிள்ளைகள் பக்கம் பக்கமாக எழுதினர். நாவற்குழி வீட்டுத்திட்டத்திலிருந்து வரும் மாணவன் ஒருவன் வெறுந்தாளை நீட்டினான். காரணம் வினவியபோது, "எங்கட இடத்துக்கு வரலாறு இல்லை, சேர், அது வீட்டுத்திட்டம்" என்றான். அவ்விடைக்கு அன்று என்னால் மறுமொழி கூற இயலவில்லை. இக்கட்டுரை அதற்குக் காலந்தாழ்த்திக் கூறும் மறுமொழியாகும்.

இடத்தின் இயல்பு

யாழ்ப்பாண நகரையும் கண்டியையும் இணைக்கும் ஏ-9 நெடுஞ்சாலை ஏறத்தாழ 320 கிலோமீற்றர் நீளமுடையது. நம்மவர் அதனைக் கண்டி வீதி என்றே வழங்குவர். நகரை விட்டு நீங்கும் அவ்வீதி சுண்டிக்குளியிற் பழைய பூங்காவையும் கச்சேரியையும் கடந்து, அரியாலையில் மாம்பழம் சந்தியைத் தாண்டிச் செம்மணித் தரவையை அடைகின்றது. அதுவரையும் வேலியும் மதிலும் வடலியும் தென்னையுமாக இருபுறமும் நெருங்கியிருந்த நிலம் அங்கே திடீரென வெளிக்கின்றது. உவர்நிலம், ஆழமில்லா நீர், அந்நீரில் நிற்குங் கொக்கு, நாரை என்பவையே அங்குள்ளன. உப்பாறு எனப்படும் உள்நாட்டு நீரேரி யாழ்ப்பாணக் கடனீரேரியோடு சேரும் வாயிலைப் பாலத்தாற் கடந்ததும் நாவற்குழி வருகின்றது. வலிகாமம் முடிந்து தென்மராட்சி தொடங்கும் எல்லை அதுவே.

நாவற்குழியிலே கண்டி வீதியிலிருந்து மற்றொரு பெருந்தெரு பிரிகின்றது. தனங்கிளப்பு, கேரதீவு வழியாகச் சென்று, சங்குப்பிட்டியிற் கடனீரேரியைக் கடந்து, பூநகரியூடாக மன்னாரை அடையும் ஏ-32 வீதி அதுவாகும். 2011 ஆம் ஆண்டு சனவரியிற் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டபின் அவ்வழி மீண்டும் உயிர்பெற்றது. எனவே குடாநாட்டிலிருந்து பெருநிலப்பரப்புக்குச் செல்லும் இரு தரைவழிகளுக்கும் நாவற்குழியே வாயிலாயிற்று. இவ்வாறு ஒரு சிற்றூர் வாயிலாக அமைந்தமையே அதன் பிற்கால நன்மைக்கும் துன்பத்துக்கும் காரணமாயிற்று என்பதை வரலாறு காட்டும்.

பெருந்தெரு உண்டாகுமுன்

பழங்காலத்தில் யாழ்ப்பாணத்தாருக்குப் பெருநிலப்பரப்புச் செல்லும் வழி பெரும்பாலும் நீர்வழியாகவே இருந்தது. கொழும்புத்துறையிலிருந்து பூநகரிக்குத் தோணிகள் சென்றன. 1560 ஆம் ஆண்டிற் பறங்கியரின் கோவைப் பிரதிராசன் கொன்ஸ்தந்தீனு பிறகன்சா நல்லூரைத் தாக்க வந்தபோதும், 1591 ஆம் ஆண்டில் அந்திரே பூர்த்தாடு மெந்தொன்சா வந்தபோதும், படைகள் கொழும்புத்துறைப் பக்கத்திலேயே கரையிறங்கின. நல்லூருக்கு அண்மையான துறையாக அஃது இருந்தமையே அதற்குக் காரணம்.

தரைவழி ஆனையிறவு வழியாகவே அமைந்தது. வன்னிக் காடுகளிற் பிடித்த யானைகளை ஆழமற்ற நீரில் இறக்கிக் குடாநாட்டுக்குக் கொணர்ந்த இடமாதலின் அஃது அப்பெயர் பெற்றது. அவ்யானைகள் ஊர்காவற்றுறையிலிருந்து கப்பலேறி இந்தியாவுக்குச் சென்றன. ஒல்லாந்தர் ஆனையிறவிலும் அதனை அடுத்த கடவைகளிலும் சிறு கோட்டைகள் கட்டி, வருவோர் போவோரைக் கண்காணித்தனர். அக்காலத்திற் பாதையென்பது யானையும் பொதிமாடும் செல்லும் தடமேயன்றி, சக்கரம் உருளத்தக்க தெருவாயிருக்கவில்லை.

ஆங்கிலேயர் காலம்

சக்கரத்துக்கேற்ற தெரு ஆங்கிலேயர் காலத்திலே தோன்றியது. தேசாதிபதி பார்ண்ஸ் காலத்திற் கொழும்பையும் கண்டியையும் இணைக்கும் பெருந்தெரு அமைந்தது. கண்டியிலிருந்து வடக்கே மாத்தளை, தம்புள்ளை வழியாக யாழ்ப்பாணம் நோக்கிய வீதி அதன்பின் படிப்படியாக உருப்பெற்றது. தெருவமைப்பில் நெடுங்காலம் உழைத்த தோமஸ் ஸ்கின்னர் என்பாரின் பெயர் அக்காலத் தெரு வரலாற்றில் முதன்மையானது.

வடக்கில் இப்பணியோடு பிணைந்த பெயர் பேர்சிவல் அக்லண்ட் டைக். இவர் 1829 ஆம் ஆண்டு முதல் 1867 ஆம் ஆண்டுவரை யாழ்ப்பாணத்தில் அதிபராயிருந்து, "வடக்கின் இராசா" எனப் பெயர்பெற்றவர். சுண்டிக்குளியிலுள்ள பழைய பூங்கா அவர் வாழ்ந்த இடமாகும். அவர்க்கு இத்தெரு இன்றியமையாததாயிருந்தமைக்கு ஆட்சிக் காரணம் ஒன்று உண்டு. 1873 ஆம் ஆண்டில் வடமத்திய மாகாணம் பிரிக்கப்படும்வரை அநுராதபுரத்தைச் சூழ்ந்த நுவரகலாவியப் பகுதியும் வடமாகாணத்துள் அடங்கியிருந்தது. யாழ்ப்பாணக் கச்சேரியிலிருந்து அத்துணைத் தொலைவையும் ஆள வேண்டிய அதிபருக்குத் தெருவின்றி ஆட்சியில்லை.

தெருவை அதிபர் திட்டமிட்டார், கல்லுடைத்தோர் யாவர்? இவ்வினாவே மாணவர் கருத வேண்டியது. இராசகாரியம் எனப்பட்ட கட்டாய ஊழியம் கோல்புறூக் ஆணைக்குழுவின் காலத்தில், 1832 ஆம் ஆண்டளவில், ஒழிக்கப்பட்டது. ஆயின் பதினாறு ஆண்டு கழியுமுன், 1848 ஆம் ஆண்டில், தேசாதிபதி டொரிங்டன் காலத்துத் தெருச் சட்டம் அதனை வேறு வேடத்திற் கொணர்ந்தது. வயதுவந்த ஒவ்வோர் ஆண்மகனும் ஆண்டுக்கு ஆறு நாள் தெருவேலை செய்தல் வேண்டும். இயலாதவன் அதற்கீடாகப் பணஞ் செலுத்துதல் வேண்டும் என்பது அச்சட்டம். அவ்வாண்டிலே மாத்தளையிலும் குருநாகலிலும் மூண்ட கலகத்துக்குரிய காரணங்களுள் இதனையொத்த வரிச்சுமைகளும் அடங்கும். பணமுடையோன் பணங்கொடுத்து மீண்டான். இல்லாதோன் வெயிலில் நின்று கல்லுடைத்தான். ஆதலின் தெருவின் ஒவ்வொரு மைலுக்குக் கீழும் பெயர் எழுதப்படாத ஏழைகளின் ஆறு நாட்கள் கிடக்கின்றன.

இன்னுமொன்று நினைவுகூரத்தக்கது. கோப்பித் தோட்டங்களுக்கு வேலைதேடி வந்த தமிழ்நாட்டுத் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியாக மதவாச்சியை அடைந்து, அங்கிருந்து இதே வடக்கு வீதி வழியே தம்புள்ளை, மாத்தளை நோக்கி நடந்தனர். நீரின்மையாலும் நோயாலும் வழியிலே மாண்டோர் மிகப் பலர். யாழ்ப்பாணத்தார்க்கு உத்தியோகத்துக்கும் வாணிகத்துக்கும் வழியாயமைந்த தெரு, அவர்தம் மொழி பேசிய மற்றொரு கூட்டத்தார்க்கு இடுகாட்டு வழியாயிற்று.

புகையிரதமும் தட்டிவானும்

1902 ஆம் ஆண்டிற் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே புகையிரதம் ஓடத்தொடங்கியது. 1905 ஆம் ஆண்டிற் பாதை தெற்கோடு இணைந்து, கொழும்புப் பிரயாணம் எளிதாயிற்று. இருப்புப்பாதை உப்பாற்றைக் கண்டி வீதிக்கு அருகிலேயே கடந்து நாவற்குழியில் ஒரு நிலையத்தைப் பெற்றது. நெடுந்தூரப் பிரயாணிகளைப் புகையிரதம் கவர்ந்துகொள்ளவே, தெரு அயலூர்ப் போக்குவரத்துக்குரியதாயிற்று. சாவகச்சேரி, கொடிகாமம் சந்தைகளிலிருந்து தேங்காயும் பலாப்பழமும் மாம்பழமும் முதலில் மாட்டுவண்டியிலும் பின்னர்த் தட்டிவானிலும் நகருக்கு வந்தன. பின்பக்கத் தட்டி சங்கிலியிலே தொங்க, அதன்மேற் குலைகளும் கடகங்களும் ஏற, உள்ளே பலகை ஆசனத்திற் சந்தைக்காரப் பெண்கள் நெருங்கியிருக்க, அவ்வாகனம் நாவற்குழிப் பாலத்தின்மேல் மெல்ல ஊர்ந்த காட்சியை முதியோர் இன்றும் நினைவுகூர்வர்.

தரவையிற் குடியேறியோர்

இனி, வீட்டுத்திட்டம் ஏன் இத்தெருவோரத்தில் அமைந்தது என்பதை ஆராய்வோம். இதற்கு விடை நம் காணிமுறையிலே உள்ளது.

1707 ஆம் ஆண்டில் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து, 1806 ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் சட்டமாக ஏற்ற தேசவழமை, முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனச் சொத்தை வகுக்கின்றது. தலைமுறைதோறும் காணி பிள்ளைகளுக்குப் பகிரப்பட்டது. சீதனமாகப் பெண்மக்களுக்குச் சென்றது. நல்ல செம்மண் நிலம் பரப்புக்கணக்கிற் சிறுத்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் உறுதி உண்டாயிற்று. உறுதியுடையோன் ஊரவன், உறுதியில்லாதோன் பிறர் காணியிற் குடியிருப்போன். இந்நிலையிற் காணியற்றோருக்கு அரசு வீடளிக்க முற்படின், அது தனியார்க்குரிமையில்லாத அரச காணியைத் தேடவேண்டியதாயிற்று. வலிகாமத்தின் நல்ல நிலங்களில் அத்தகைய காணி அரிது. எஞ்சியது உவர்த்தரவை. தெருவும் புகையிரதமும் அருகே இருந்தமையால் நாவற்குழித் தரவை அதற்கு ஏற்றதாகக் கொள்ளப்பட்டது.

இலங்கையில் அரச வீடமைப்பு 1954 ஆம் ஆண்டின் தேசிய வீடமைப்புச் சட்டத்தோடு உறுதியான வடிவம் பெற்றது. 1978 ஆம் ஆண்டில் நூறாயிரம் வீடுகள் கட்டுந் திட்டம் தொடங்கியது. 1979 இல் தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகாரசபை நிறுவப்பட்டது. 1984 இற் பத்து இலட்சம் வீட்டுத்திட்டம் வந்தது. நாவற்குழியில் வீடமைப்புக்கெனக் குறிக்கப்பட்ட நிலம் அவ்வதிகாரசபையின் பொறுப்பிலே இருந்தது.

தரவையிற் குடியேறுவோர்க்கு முதற்றுன்பம் நீர். இத்துன்பம் நீங்கியிருக்கக்கூடிய வழியொன்றைப் பொறியியலறிஞர் ச. ஆறுமுகம் 1954 ஆம் ஆண்டில் வகுத்தார். "யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு" எனப் பெயர்பெற்ற அத்திட்டத்தின்படி, ஆனையிறவுக் கடனீரேரியைக் கடலினின்று தடுத்துக் கனகராயன் ஆற்று நீரால் நன்னீராக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியே வடமராட்சி ஏரிக்கும், அங்கிருந்து உப்பாற்றுக்கும் அந்நீரைச் செலுத்தலாம். உவர்நீர் உட்புகாவண்ணம் தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணைகள் 1950 களில் அமைந்தன. ஆயின் ஆனையிறவிலும் முள்ளியானிலும் வேலை நிறைவெய்தவில்லை. அணைகளும் பேணலின்றிப் பழுதடைந்தன. திட்டம் முற்றுப்பெற்றிருப்பின், கண்டி வீதியின் இருபுறத்துத் தரவையும் காலப்போக்கில் உவர் நீங்கியிருக்கக்கூடும். 2024 ஆம் ஆண்டிலே தாளையடியிற் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. ஆறு வருமெனக் காத்த நாட்டுக்கு எழுபது ஆண்டு கழித்துக் கடலே குடிநீராகி வந்தது.

நடந்தோரின் தெரு

1990 ஆம் ஆண்டு யூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டபோது புகையிரதம் நின்றது. கண்டி வீதியும் ஆனையிறவில் அடைபட்டது. மக்கள் கொம்படி, ஊரியான் சேற்றுவழிகளாலும், கிளாலியிலிருந்து இரவுத் தோணிகளாலும் பெருநிலப்பரப்பை அடைந்தனர். பறங்கியர் காலத்து நீர்வழிக்கே நாடு மீண்டது எனலாம்.

1995 ஆம் ஆண்டு ஒற்றோபர் 17 ஆம் நாள் அரசபடையின் "ரிவிரெச" நடவடிக்கை தொடங்கியது. 30 ஆம் நாள் மாலை, வலிகாமத்து மக்கள் யாவரும் உடனே வெளியேறவேண்டுமென விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கிகளில் அறிவித்தனர். நான்கு இலட்சத்துக்கும் ஐந்து இலட்சத்துக்கும் இடைப்பட்ட மக்கள் தென்மராட்சி நோக்கிப் புறப்பட்டனர். வழிகள் இரண்டே: ஒன்று கோப்பாய் – கைதடி வீதி; மற்றையது செம்மணியூடாக நாவற்குழிப் பாலத்தைக் கடக்குங் கண்டி வீதி.

அவ்விரவில் நடந்தோருள் இக்கட்டுரையாளனும் ஒருவன். அப்பொழுது பதினைந்து வயதினன். மழை பெய்தது. சயிக்கிள் சட்டத்திற் கட்டிய மூட்டையும், அதன்மேல் அமர்ந்த அப்பாச்சியுமாக நாங்கள் அரியாலையிலிருந்து பாலத்தை அடையும்போது விடிந்துவிட்டது. பகலிற் கால்மணி நேரத்திற் கடக்கும் வழியது. முன்னே நிற்பவர் முதுகன்றி வேறொன்றுந் தெரியவில்லை. அடியெடுத்து வைக்க முன்னவர் அடியெடுக்க வேண்டும். தாகத்துக்குக் குடையை மலர்த்திப் பிடித்து மழைநீர் சேர்த்தோம். பாலத்தைக் கடந்ததும் தெருவோரத்துக் குடியிருப்பிலிருந்து ஒரு தாய் வாளியும் பேணியுமாக நின்று, வருவோர்க்கெல்லாம் தண்ணீர் வார்த்துக்கொண்டிருந்தார். அந்நீரின் உவர்ப்பு இன்றும் என் நாவிலுண்டு. காணி உறுதி உடையோர் பலர் அன்று உறுதிப் பெட்டியைத் தலையிற் சுமந்து நடந்தனர். அவர்களுக்கு நீர் வார்த்தவரிடம் உறுதியொன்றும் இருந்திராது.

1996 ஆம் ஆண்டு ஏப்பிரலிலே தென்மராட்சியும் படையினர் வசமாக, மக்கள் அதே பாலத்தால் மீண்டனர். மீண்டோர்க்குச் செம்மணியில் ஒரு சோதனைச்சாவடி காத்திருந்தது. அவ்வாண்டு செப்டெம்பர் 7 ஆம் நாள், சுண்டிக்குளி மகளிர் கல்லூரியில் உயர்தரப் பரீட்சை எழுதி வீடு திரும்பிய மாணவி ஒருத்தி அச்சாவடியில் மறிக்கப்பட்டுக் கொல்லப்பட்டாள். தேடிச் சென்ற தாயும் தம்பியும் அயலவரும் கொல்லப்பட்டனர். 1998 ஆம் ஆண்டு யூலையில் அவ்வழக்கிற் குற்றவாளியாகக் காணப்பட்ட படைவீரருள் ஒருவர், செம்மணியில் முந்நூறு முதல் நானூறு வரையான உடல்கள் புதைக்கப்பட்டுள்ளன எனக் கூறினார். 1999 இல் நிகழ்ந்த அகழ்வில் 15 உடல்கள் எடுக்கப்பட்டன. பின்னர் நெடுங்காலம் மௌனம் நிலவியது. 2025 ஆம் ஆண்டு பெப்ருவரியில் அரியாலைச் சித்துப்பாத்தி இந்து மயானத்தில் எரியூட்டுங் கட்டடத்துக்கு நிலந் தோண்டியபோது எலும்புகள் வெளிப்பட்டன. நீதிமன்ற மேற்பார்வையில் அவ்வாண்டில் நிகழ்ந்த அகழ்வுகளில் இருநூறுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் கண்டெடுக்கப்பட்டன. சிறுவர்களுடையவும் அவற்றுள் அடங்கும். நாம் பேருந்திற் சாய்ந்துறங்கிக் கடக்குந் தெருவின் அருகே இவை கிடந்தன.

2000 ஆம் ஆண்டிலே தென்மராட்சி போர்க்களமாகிச் சாவகச்சேரி நகர் இடிபாடாயிற்று. 2002 ஆம் ஆண்டு ஏப்பிரலில், போர்நிறுத்தத்தின் பயனாகக் கண்டி வீதி திறக்கப்பட்டது; 2006 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 11 ஆம் நாள் மீண்டும் மூடப்பட்டது; 2009 இற் போர் முடிந்தபின் படிப்படியாகத் திறந்தது. 2014 ஆம் ஆண்டு ஒற்றோபரிற் புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தது.

குடியிருப்பும் உரிமையும்

தெரு திறந்ததும் காணி வினா எழுந்தது. 2010 ஆம் ஆண்டு ஒற்றோபரில், முன்னர் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தோர் எனத் தம்மைக் கூறிய சிங்களக் குடும்பங்கள் சில, பாழடைந்த யாழ்ப்பாணப் புகையிரத நிலையத்தில் வந்து தங்கிப் பின் நாவற்குழியில் வீடமைப்பு அதிகாரசபையின் நிலத்திற் குடிசைகள் அமைத்தன. காணியற்ற தமிழ்க் குடும்பங்களும் அந்நிலப்பகுதியிற் குடியேறின. 2019 ஆம் ஆண்டில் அங்கு ஒரு பௌத்த விகாரை திறக்கப்பட்டது. இதற்கிடையே, சிவபூமி அறக்கட்டளை 2018 ஆம் ஆண்டில் நாவற்குழியிலே திருவாசகப் பாடல்கள் யாவற்றையுங் கருங்கல்லிற் பொறித்துத் திருவாசக அரண்மனையை எழுப்பியது. 2020 இல் அருங்காட்சியகமொன்றையும் அமைத்தது.

ஒருசாரார் இக்குடியேற்றத்தை மாகாணத்தின் குடித்தொகையை மாற்றும் முயற்சியாகக் கண்டு அஞ்சினர். அவ்வச்சம் காரணமற்றதன்று, இந்நாட்டில் அரச குடியேற்றங்களின் வரலாறு அதற்குச் சான்று. ஆயினும் நம்மவர் தம்மையே வினாவவேண்டியதொன்றும் உண்டு. அத்தரவை பல்லாண்டு வெறுமையாய்க் கிடந்தபோது, நம்மிடையே காணியற்று வாழ்ந்தோரை அங்கு இருத்த நாம் எத்துணை முயன்றோம்? வீட்டுத்திட்டத்தார் என்று ஒரு சாராரை எட்ட நிறுத்திய சமூகம், அந்நிலம் பிறர் கைப்படும்போது மட்டும் அதனைத் தன் மண் என்பது முறையாகுமா? இவ்வினாவைத் தவிர்த்து எழுதப்படும் வரலாறு பாதி வரலாறேயாம்.

போரின்பின் வந்த இந்திய வீடமைப்புத் திட்டம் இவ்வகையில் ஒரு பாடம் புகட்டுகின்றது. மொத்தம் ஐம்பதினாயிரம் வீடுகளுள் நாற்பத்தாறாயிரம் வடக்கு கிழக்குக்கு ஒதுக்கப்பட்டன. ஒரு குடும்பத்துக்கு ஐந்து இலட்சத்து ஐம்பதினாயிரம் ரூபா தவணையாக வழங்கப்பட்டு, வீட்டைக் குடும்பத்தாரே கட்டினர். ஆயின் உதவிபெறக் காணியுரிமைச் சான்று வேண்டியிருந்தது. உறுதியோ அனுமதிப்பத்திரமோ இல்லாதோர், வீடிழந்தும் வீட்டுப்பட்டியலிற் பின்னிற்க நேர்ந்தது. இல்லாதோர்க்கென வந்த உதவியும் இருப்பதைக் காட்டும் ஓலையைக் கேட்டது.

முடிவுரை

மேற்கூறியவற்றால், கண்டி வீதியின் நாவற்குழிப் பகுதி முந்நிலையில் நம் வரலாற்றைத் தாங்கி நிற்பது பெறப்படும். ஆட்சியாளர் தேவைக்காக ஏழைகளின் உழைப்பால் அஃது உண்டாயிற்று. போர்க்காலத்தில் ஒரு சமுதாயம் முழுவதும் நடந்து கடந்த வழியாயிற்று. காணியற்றோர் குடியிருந்த இடமாயிற்று. மூன்றாவதனை மட்டும் நம் நூல்கள் கூறுவதில்லை.

கல்லூரி மாணவர்க்கு யான் கூறவிரும்புவது இதுவே. அருகிலுள்ள வீட்டுத்திட்டத்துக்குச் சென்று, முதற்குடியேறியோர் உயிரோடிருக்கும்போதே அவர்களை வினாவி எழுதுங்கள். எங்கிருந்து வந்தனர், முதற்கிணற்றை யார் தோண்டினார், நீர் எத்தனை முழத்திற் கண்டது, எந்த ஆண்டில் எவ்வெவர் வெளியேறினர், மீண்டோர் யாவர் என்பனவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அரச ஆவணங்கள் குடும்பங்களின் தொகையைக் கூறும். அவர்தம் வாழ்வைக் கூறமாட்டா.

வெறுந்தாள் நீட்டிய அம்மாணவனிடம் சென்ற தவணையில், பாலத்தடியில் தண்ணீர் வார்த்த தாயைப்பற்றிக் கூறினேன். மறுவாரம் இரண்டு பக்கம் எழுதி வந்தான். 1995 இல் வாளியோடு நின்ற பெண்கள் பலர் என்றும், தன் அம்மம்மாவும் அவர்களுள் ஒருவர் என்றும், கிணறு வற்றுமட்டும் வார்த்தனரென்றும் அதில் எழுதியிருந்தான்.